முள்ளும் நெறியும்

பொம்மிடியில் என் தலைமுறைப் பிள்ளைகள் செருப்பில்லாமல்தான் பள்ளிக்கூடம் போனோம். தெற்கே சேர்வராயன் மலை. அதன் அடிவாரத்துக் காட்டிலும் மேட்டிலும் வேலி என்றால் கருவேல முள்தான். வாரத்துக்கு ஒன்றாவது காலில் ஏறாமல் இருக்காது. அம்மா ஊக்கை விளக்குச் சுடரில் காட்டிவிட்டு முள்ளைக் கிளறி எடுப்பார். ஆழத்தில் ஒடிந்துபோனால் எருக்கம்பால் வைப்பார். அதற்கும் மசியாத முள், இரண்டு மூன்று நாளில் இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, ‘பழுத்து’, சீழோடு தானாக வெளியே வந்து விழும். அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும். முள் தைத்தது பாதத்தில். தொடை ஏன் வலிக்க வேண்டும்? விலங்கியல் படித்து, அதையே பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகும் என் மனத்துக்கு நெருக்கமான கேள்வி அதுதான்.

இந்த அறிவியல் தொடங்கியதும் ஒரு முள்ளில்தான். 1882-ல் இத்தாலியின் மெசினா என்ற கடலோர ஊரில் இலியா மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர் தங்கியிருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போன ஒரு நாளில், கண்ணாடி போலத் தெளிந்த நட்சத்திர மீன் லார்வாவின் தோலுக்கடியில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்த லார்வாவுக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே வீக்கம் என்பது இரத்தக் குழாயின் கோளாறு என்று அதுவரை மருத்துவர்கள் நம்பியது சரியல்ல. அந்நியப் பொருளைத் தேடிச் செல்கள் தாமாகவே நடந்து வருகின்றன என்று அவர் உணர்ந்தார். அந்நியத்தை விழுங்கிச் செரிக்கும் இவற்றை நாம் விழுங்கு செல்கள் என்கிறோம். என் அம்மா ‘பழுத்திருக்கு’ என்று சொன்னதும், மெச்னிக்கோவ் கண்டதும் ஒரே நிகழ்ச்சி.

1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதை அவர் பவுல் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார். எர்லிக்கின் பக்கம் எதிர்ப்பொருள்களின் பக்கம். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியே பூட்டுக்குச் சாவி போல எதிர்ப்பொருள் உருவாகிறது என்ற அந்தக் கருத்து ஆய்வாளர்களை மயக்கியதில் வியப்பில்லை. அடுத்த பல பத்தாண்டுகள் அறிவும் பணமும் அந்தத் திசையிலேயே ஓடின. விழுங்கு செல்கள் குப்பை அள்ளும் கடைநிலை ஊழியர்களாக ஒதுக்கப்பட்டன. நம் பாடநூல்களும் இந்தப் பாதுகாப்பைத் ‘தனித்தன்மையற்றது’ என்று சொல்லி இரண்டு பத்தியில் கடந்துவிட்டன. அந்தச் சொல்லை நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது தவறான சொல் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

அதை உடைத்த கேள்வியைக் கேட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே. 1989-ல் அவர் ஒரு கூட்டத்தில் தம் துறையினர் வெளியே பேசாத ஒரு சங்கதியை எடுத்து வைத்தார். தூய்மையான புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடல் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் கூடவே ஒரு துணைப்பொருளைக் கலக்கிறார்கள்: அலுமினிய உப்பு, அல்லது கொன்ற காசநோய்க் கிருமியை எண்ணெயில் குழைத்த கலவை. இன்றும் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவலன்ட் ஊசியில் அலுமினிய உப்பு இருக்கிறது. இந்தக் கலப்பு ஏன் தேவைப்படுகிறது? எதிர்ப்பொருள் உண்டாவதற்கு முன்னால், ‘வந்திருப்பது கிருமி’ என்று உத்தரவு தரும் ஒருவர் உடலில் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் கடைநிலை ஊழியர்கள் என்று நாம் நினைத்தவர்களிடம்தான் இருக்கிறது என்று ஜேன்வே ஊகித்தார்.

மலையடிவாரத்தில் கடலைக்கும் மரவள்ளிக்கும் பரண் போட்டுக் காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வந்த பன்றி எது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கிழங்கைக் கிண்டும் ஓசை போதும். எந்தப் பன்றி வந்தாலும் அந்த ஓசை எழாமல் கிழங்கு தின்ன முடியாது. நுண்ணுயிர்களுக்கும் அப்படி மாற்ற முடியாத உறுப்புகள் உண்டு. பாக்டீரியாவின் சுவரிலுள்ள கொழுப்புச் சர்க்கரை, நீந்த உதவும் கசையிழைப் புரதம், பல வைரஸ்கள் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. இவற்றை விட்டுவிட்டால் கிருமி பிழைக்காது. நம் செல்களிலோ இவை இல்லை, அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இல்லை. இவற்றை உணரும் ஏற்பிகளை நம் முன்னோர் உயிரினங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேர்ந்து மரபணுவில் எழுதி வைத்துவிட்டன. பிறந்த குழந்தைக்கும் அவை தயாராக இருக்கின்றன. பெயர் தெரியாமல் இருப்பதும் குருட்டுத்தனமும் ஒன்றல்ல.

ஊகம் உறுதிப்பட்ட வழி விந்தையானது. மாம்பழக் கூடையை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈ எல்லார் வீட்டிலும் உண்டு. அதன் கருவளர்ச்சிக்குத் தேவையான ஒரு மரபணுவுக்கு ‘டோல்’ என்று பெயர். அந்த மரபணு கெட்ட ஈக்கள் பூஞ்சை பூத்து மடிவதை 1996-ல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் காட்டினர். மறு ஆண்டே ருஸ்லான் மெட்ஜிட்டோவ், ஜேன்வேயுடன் சேர்ந்து, மனிதரிடம் அதன் உறவுமுறை ஏற்பி ஒன்றைக் கண்டார். 1998-ல் புரூஸ் பாய்ட்லர் ஓர் எலி வகையைக் கொண்டு முடிச்சை அவிழ்த்தார். அந்த எலிக்குப் பாக்டீரியாச் சுவரின் நச்சைப் பெருமளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. உயிருள்ள சால்மோனெல்லா சிறிதளவு புகுந்தாலோ செத்துவிடும். அதன் நான்காம் டோல் ஏற்பி பழுதுபட்டிருந்ததே காரணம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் சற்று நிறுத்துவேன். காய்ச்சலும் நடுக்கமும் கிருமி நேரடியாகச் செய்பவை என்றே நினைத்திருந்தோம். அவற்றில் பெரும்பகுதி நம் காவல் விழித்துக்கொண்டதன் அறிகுறி. விழிக்கத் தெரியாத எலி நோகாமல் இருந்து சாகிறது. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே மறைந்துவிட்டார்.

மனிதரிடம் பத்து வகை டோல் ஏற்பிகள் உள்ளன. சுவரையும் கசையிழையையும் உணர்பவை செல்லின் வெளிச்சவ்வில் நிற்கின்றன. கிருமியின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வை உணர்பவை உள்ளே, விழுங்கிய பொருள் வந்து சேரும் பைகளில் இருக்கின்றன. வெளியே நின்றால் நம் சொந்த டி.என்.ஏ.வையே எதிரி என்று கொள்ளும் ஆபத்து உண்டு. ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி போய், என்.எஃப். கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது. 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்ட புரதம் அது. அதன் தூண்டலில் சுரக்கும் பொருள்களில் சில மூளைக்குப் போய்க் காய்ச்சலை ஏற்றுகின்றன. சில அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தளர்த்தி நியூட்ரோபில்களை அழைக்கின்றன.

இரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோபில் என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். வளர்ந்தவர்களின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் அவைதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்கி அனுப்புகிறது. கிருமியை விழுங்கியதும் அவை ஹைட்ரஜன் பெராக்சைடு செய்து, மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் அதை உப்பிலுள்ள குளோரைடோடு சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்குகின்றன. நம் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் உண்டாகிக் கிருமியைக் கொல்வதும் அதே அமிலம்தான். அந்த நொதியின் நிறம் பச்சை. சளியும் சீழும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். அருவருத்துத் துடைத்தெறிந்த அந்தச் சீழ், போரிட்டு மாண்ட நியூட்ரோபில்களின் குவியல். சில நியூட்ரோபில்கள் சாகும்போது தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்க வைக்கின்றன என்பது 2004-ல் தெரியவந்தது.

இனி நெறி. கிளைகள் பரப்பிய ஒரு செல் வகையை 1973-ல் ரால்ஃப் ஸ்டைன்மன் விவரித்தார்; டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர். தோலிலும் அது அமர்ந்திருக்கிறது. முள்ளோடு வந்த கிருமியின் துண்டை அது எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியே மேலே ஏறுகிறது. காலில் புறப்பட்டால் போய்ச் சேரும் ஊர் தொடை இடுக்கின் நிணநீர்க் கணு. அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான நிணநீர்ச் செல்களில் அந்தத் துண்டோடு பொருந்துகிறவை மட்டும் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. கணு வீங்குகிறது, வலிக்கிறது. டோல் ஏற்பி தூண்டப்படாமல் வந்த டென்ட்ரிட்டிக் செல்லாக இருந்தால் இந்தப் பெருக்கம் நடக்காது. ஜேன்வே தேடிய உத்தரவு பிறக்கும் இடம் இதுதான். நெறி கட்டுதல் என்று நம் பாட்டிமார் சொன்னது, இரண்டு பாதுகாப்புகளும் கைகோக்கும் தருணத்தை.

எல்லாக் கிருமியும் இப்படி அகப்படுவதில்லை. காசநோய்க் கிருமியை நுரையீரலின் பெருவிழுங்கு செல் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் செரிமான நொதிகள் உள்ள பை தன்மேல் வந்து கலக்காதபடி தடுத்துவிட்டு, அந்தக் கிருமி செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. இந்தப் பகையோடு தமிழ்நாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் வளர்ப்பூடகத்தில் மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்து கால்மெட்டும் கெரானும் உருவாக்கிய பி.சி.ஜி., 1921-ல் முதல் குழந்தைக்குத் தரப்பட்டது. 1948-ல் கிண்டியில் அதற்கான ஆய்வுக்கூடம் அமைந்தது. நம் பிள்ளைகளின் இடது தோளில் உள்ள சிறு தழும்பு அந்த ஊசியுடையது.

1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி.யோ வெற்று ஊசியோ போட்டுப் பெரும் சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. 1999-ல் வெளியான 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவியும் வரும் காசநோயை அது தடுப்பதால் ஊசி தொடர்கிறது. தோல்விக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது மண். தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் அந்தக் கிருமியின் தீங்கற்ற உறவினர்கள் நிறைய. ஊசி வருவதற்கு முன்பே அவற்றோடு நம் உடல் பழகிவிடுகிறது.

செங்கல்பட்டு முடிவைத் தோல்வி என்று மூடிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. 2012-ல் நெதர்லாந்தில் மிஹாய் நெட்டேயா குழுவினர், பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வேறு கிருமிகளையும் முன்னைவிட வேகமாக எதிர்ப்பதைக் காட்டினார்கள். மரபணு மாறவில்லை, அது சுற்றப்பட்டிருக்கும் விதம் மாறியிருந்தது. நினைவே கிடையாது என்று பாடநூல் சொன்ன செல்களுக்குப் பயிற்சி ஏறியிருந்தது. கினி-பிசாவில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு டென்மார்க் வகை பி.சி.ஜி.யை உடனே போட்டபோது முதல் மாத இறப்பு குறைந்தது. ரஷ்ய வகையை வைத்து இந்தியாவில் நடந்து 2019-ல் வெளியான இரண்டு சோதனைகளில் அந்தப் பயன் தெரியவில்லை. கோவிட் காலத்திலும் பெரிய சோதனையொன்று நம்பிக்கை தரவில்லை. ஆகவே வகையும் வயதும் இடமும் பொருட்படுகின்றன.

மோனோசைட் இரத்தத்தில் சில நாட்களே வாழும். பயிற்சி மாதக்கணக்கில் நீடிக்கிறதென்றால் அது செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களில் பதிந்திருக்க வேண்டும். 2018-ல் எலியிலும், 2020-ல் மனிதரிலும், பி.சி.ஜி. எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களை மாற்றுவது காட்டப்பட்டது. தோளில் போட்ட ஊசி எலும்புக்குள் எழுதியிருக்கிறது. செருப்பில்லாத காலோடு நடந்த எங்களுக்கு, இந்த மண்ணின் கிருமிகள் எதை எழுதினவோ? பொம்மிடியில் இன்று பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தையும், ஊசிக்குப் பின் எடுக்கும் சில துளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கத் தொடங்கும். அதைச் செய்யும் கைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளுடையவையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.