நாலு கிலோ குழந்தையும் குளுக்கோஸ் தண்ணீரும்



சுகப்பிரசவத்துக்கு மலைக்கோட்டைத் தாயுமானவரை வேண்டுவது நம் திருச்சி வழக்கம். குழந்தை நாலு கிலோ என்றால் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதற்குத் தாயின் சர்க்கரையும் காரணமாகலாம்; பிரசவமும் சிக்கலாகலாம்.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலைசெய்ய விடுவதில்லை. சிலருக்குச் சர்க்கரை ஏறிவிடும். அந்தச் சர்க்கரை குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. குழந்தையே இன்சுலினை அதிகமாகச் சுரந்து பருக்கும். 1950களில் இதை விளக்கியவர் டென்மார்க் மருத்துவர் பெடர்சன்.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனை வேண்டும் என்று பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 2007-இல் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக்கியது. அவர் முறையில் வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குக் கீழே இருக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், குமட்டுகிறது என்று இதைத் தவிர்க்க விடாதீர்கள்.