வன்னியின் புதுக்குடிகளும் காணிச் சலுகைகளும்

தனக்கென ஒரு மனையை முதன்முறையாக அடைய விழையும் ஒருவனுக்கு அரசு கைகொடுத்தல் இக்காலப் புதுமையன்று. புதுக்குடியிருப்பு என்னும் பெயரே புதிதாய் வந்தமர்ந்த குடிகளை நினைவூட்டுவது. ஈழத்தில் இப்பெயர் பூண்ட ஊர்கள் பல உள. ஈண்டு நாம் கருதுவது பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலமைந்த ஊரினை. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த வன்னிநிலத்தையும் காணிச் சட்டங்கள் எவ்வாறு தொட்டன என்பதை ஆராய்வோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தை, மறுதலை நிறுவப்படுங்காறும் முடிக்குரியதெனவே கொண்டது. அந்நிலம் விலைக்கு வந்தபோது வாங்கவல்லார் பொருளுடையாரே. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியது இவ்வழியில்தான். உழவனுக்கு எஞ்சியது வரிச்சுமை. நெல்வரி நிலுவையின் பொருட்டு வலப்பனைப் பகுதியில் உழவர் வயலிழந்தமை 1880களில் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஆயினும் வரிநீக்கம் நிலமுடையானுக்கே சலுகையாகும். நிலமற்றவன் அதனால் எய்தியது யாது?

இவ்வினா 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் முன் வந்தது. மட்டக்களப்பில் அரசாங்க அதிபராயிருந்த பிரெய்ன் என்பார் உழவனையே நிலவுடைமையாளனாக்கும் முறையொன்றை அதற்கு முன்னரே கையாண்டிருந்தார். அதனைத் தழுவி, டி. எஸ். சேனநாயக்கா காணி அமைச்சராயிருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இதன்படி குடியேறுவோன் நிலத்தின் விலையை முன்கூட்டிச் செலுத்த வேண்டுவதில்லை. முதலில் அநுமதிப்பத்திரம், காடு திருத்திப் பயிர்செய்து, நிபந்தனைகளை நிறைவேற்றி, ஆண்டுதோறும் சிறுதொகை இறுத்துவந்தால் பின்னர் அளிப்புப்பத்திரம். பெருங் குடியேற்றத் திட்டங்களில் அரசினரே காட்டை வெட்டி, வாய்க்கால் அமைத்து, வீடும் கட்டிக் கொடுத்தனர். தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு வயல் 5 ஏக்கரும் மேட்டுக்காணி 3 ஏக்கரும் வழங்கப்பட்டன. பின்னர் அளவு குறைந்தது. இரணைமடு நீரைச் சார்ந்து கிளிநொச்சியிலும், பிற்காலத்தில் முத்தையன்கட்டிலும் குடிகள் அமர்ந்தனர். மலேரியாவும் யானையும் ஆண்ட காட்டுக்கு மக்களை வரவழைக்க இத்துணைச் சலுகை வேண்டியே இருந்தது. இதனை அரசின் தாராளம் என மட்டும் கொள்ளலாகாது.

சலுகைக்கு விலையும் உண்டு. அக்காணியை அநுமதியின்றி விற்றலும் ஈடுவைத்தலும் கூடா. கடனுக்காக நீதிமன்றம் அதனைப் பற்றவும் இயலாது. வட்டிக்காரன் வாயினின்று உழவனைக் காத்த வேலி இதுவே. அவ்வேலியே அவன் நியாயமான கடன்பெறும் வழியையும் அடைத்தது.

ஆயினும் நம் மக்களின் வாழ்வை ஆழமாகத் தொட்டது அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடின், மகள்மாரினும் மகன்மாரும், அவருள் இளையோரினும் மூத்தோரும் முற்பட உரித்தடைவர் என அது விதித்தது. காணி துண்டுபடாதிருத்தல் அதன் நோக்கம். கணவனை இழந்தவள் காணியைத் தன் ஆயுட்காலம் அநுபவிக்கலாம். பின்னுரித்தாளரைக் குறிக்கும் அதிகாரம் அவளுக்கில்லை. மறுமணம் புரியின் உரித்தும் நீங்கும். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையோ தாயின் சீதனத்தை மகளுக்கே சேர்ப்பது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் முதல் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே அமையும். அவ்வழக்கிற் பழகிய குடும்பம் வன்னிக்குப் பெயர்ந்து அரச காணி பெற்றவுடன், அந்நிலத்தைப் பொறுத்தவரை அவ்வழக்குச் செல்லாதாயிற்று. ஒரு சலுகையை ஏற்றவர் ஒரு பழைய உரிமையைக் கைவிட்டார். அதனை எத்தனை பேர் அன்று உணர்ந்தனர் என்பது ஐயமே.

அதன் விளைவு 2009ஆம் ஆண்டுப் பேரழிவின் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. போரின் இறுதி மாதங்களில் புதுக்குடியிருப்பு பாழாயிற்று. வீட்டோடு பத்திரங்களும் போயின. அநுமதிப்பத்திரத்திற் பெயருடைய ஆடவர் பலர் இறந்தனர், பலர் காணாமற்போயினர். 2012இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் புதுவீடொன்றுக்கு 550,000 ரூபாவைத் தவணைகளில் அளித்து, பயனாளியே முன்னின்று கட்டுமாறு செய்தது. நல்ல முறை, எனினும் காணி உரித்தைக் காட்டினாலன்றி அப்பணத்தை அணுகல் அரிது. தலைமகனுமின்றிப் பத்திரமுமின்றி நின்ற பெண்கள் பிரதேச செயலகத்தின் சான்றையே நம்பியிருக்க நேர்ந்தது.

மூன்றாம் அட்டவணையின் ஆண்வழி முதன்மை 2022இல் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. சட்டம் பிறந்து 87 ஆண்டுகளாயின. முத்தையன்கட்டில் முதலில் அநுமதிப்பத்திரம் பெற்றோரின் பெண்மக்கள் பலர் அதற்குள் பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர்.