இந்தியாவில் பணியிட மின் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு

இந்தியாவில் தொழிற்சாலை, பட்டறை முதலிய பணியிடங்களில் மின் விபத்துகளைத் தடுக்கும் விதிகள் பெரும்பாலும் மின்சாரச் சட்டங்களின் வழியே உருவானவை. சுழலும் சக்கரத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், மின்கசிவு தெரியாது. எனவே இவ்விதிகளை நடைமுறைப்படுத்த, கருவி கொண்டு சோதிக்கத் தெரிந்த தனி ஆய்வாளர் தேவைப்பட்டார்.

தொடக்கக் காலம்

மின்சாரத்தால் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு நேராமல் காக்க 1887-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அப்போது மின்சாரம் அரிதாகவே பயன்பட்டது. 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து, தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. விளக்குக்குப் பயன்பட்ட மின்சாரம் தொழிலாளியின் கையருகே வந்துவிட்டது.

1903-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் இரண்டு வழிகளை வகுத்தது. அதன் 36-ஆம் பிரிவு மின் ஆய்வாளர்களை நியமிக்க வழிசெய்தது. 33-ஆம் பிரிவு விபத்துகளைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது.

1956-ஆம் ஆண்டு விதிகள்

இந்திய மின்சார விதிகள், 1956 பணியிட நடைமுறையை விரிவாக வரையறுத்தன. மோட்டாரின் உலோக உடலைத் தனித்தனியான இரண்டு இணைப்புகளால் நிலத்துடன் இணைக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். மண்டையோட்டுப் படத்துடன் கூடிய எச்சரிக்கைப் பலகை உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். கம்பி அமைக்கும் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மின் நிறுவல்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் ஆய்வு செய்ய வேண்டும். பின்னர் சேர்க்கப்பட்ட 44-அ விதி, உயிரிழப்பு விபத்தை அறிந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கோரியது.

2003-க்குப் பின்

மின்சாரச் சட்டம், 2003 பழைய சட்டத்தை நீக்கினாலும், விபத்து அறிவிப்பை 161-ஆம் பிரிவிலும் மின் ஆய்வாளர் பதவியை 162-ஆம் பிரிவிலும் தக்கவைத்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றின் இடத்தில் 2023-இல் புதியவை வந்தன. தமிழ்நாட்டில் இப்பணியை அரசின் தலைமை மின் ஆய்வாளர் தலைமையிலான மின் ஆய்வுத்துறை செய்கிறது. மின்சாரம் வழங்கும் நிறுவனத்திலிருந்து இது தனித்து இயங்குகிறது.

நடைமுறைச் சிக்கல்

அறிவிக்கப்பட்ட மின்னழுத்தத்துக்கு உட்பட்ட நிறுவல்களை உரிமையாளரே சோதித்துத் தற்சான்று அளிக்கும் முறை இப்போது உள்ளது. ஆய்வாளர் நேரில் வராத பட்டறையில், விதி மீறப்பட்டதை அவர் அறிய எஞ்சும் முக்கிய வழி விபத்து அறிவிப்பே. அதையும் தெரிவிக்க வேண்டியவர் பெரும்பாலும் பட்டறையின் பொறுப்பாளரே. அவர் மறைத்துவிட்டால் விசாரணை நடக்காது. அறுந்த நிலஇணைப்பு அப்படியே கிடக்கும். அடுத்த நாள் அதே இயந்திரத்தை இன்னொரு தொழிலாளி தொடுவார். 1910-இல் வகுக்கப்பட்ட அந்த அறிவிப்புக் கடமையின் தேவை இன்றும் குறையவில்லை.