பொது ஆளா, சொந்த ஆளா?

மலேசியாவின் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் எவருடைய கையிலும் லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நெடுநாள் நீடித்த ஒரு வழக்கு உண்டு. சாதனம் ஒன்று கூப்பிட்டதும் செயலி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறது; இதுவே குறுக்கீடு. அந்த நொடியில் தூங்கவோ காத்திருக்கவோ அதற்கு அனுமதி இல்லை. ஆகவே அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் அவசரமானதை மட்டும் முடித்து, மிச்சத்தைப் பிறகு செய்ய ஓர் இழையிடம் ஒப்படைக்கிறது. அந்த இழை எல்லா டிரைவருக்கும் பொதுவாக இருப்பதே சரி என்பது என் முடிவு. ஆனால் வெறுமனே பொதுவில் விட்டால் மட்டும் போதாது.

2.4 கெர்னலில் கெவென்ட்டி என்ற பொது இழையிடம் வேலைகள் வந்து சேர்ந்தன. ஒருவர் கொடுத்த வேலை தூங்கிவிட்டால் அதன் பின்னால் நின்ற அத்தனையும் நின்றன. 2002-இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த வொர்க்கியூ என்ற வேலை வரிசை, வேண்டியவர் தமக்கென இழைகள் உருவாக்கிக்கொள்ள வழிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் காலத்துத் தண்டவாளக் கேங் ஒவ்வொன்றும் மண்டோர் என்ற தன் மேற்பார்வையாளரோடு தன் பகுதியைப் பார்த்ததுபோல், டிரைவர்களும் தனித்தனி ஆள் கேட்கத் தொடங்கின. ஒரு வரிசைக்குச் செயலிக்கு ஓர் இழை என்பது கணக்கு. செயலிகள் பெருகப் பெருக, சில பெரிய இயந்திரங்களில் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 32,000 செயல் எண்கள் தீர்ந்துபோயின. இத்தனை இழை இருந்தும், ஒரு வரிசை ஒரு செயலியில் ஒரு வேலையைத்தான் ஓட்டியது. அந்த வேலை தனக்குப் பின்னால் நிற்பதற்காகக் காத்திருந்தால் இரண்டுமே முடங்கின.

2010-இல் 2.6.36 பதிப்பில் டெஜுன் ஹியோ இந்த முடிச்சை அவிழ்த்தார். செயலிக்கு ஒரு பொது இழைக் குழு. அதில் ஓர் இழை தூங்கினால் இன்னொன்று எழுந்து அடுத்த வேலையை எடுக்கும், தேவைப்பட்டால் புதிதாக உருவாகும். நினைவகம் தீர்ந்த வேளையில் புது இழை எப்படிப் பிறக்கும் என்று கேட்கலாம். நினைவகத்தை விடுவிக்கும் வேலையே வரிசையில் சிக்கியிருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அத்தகைய வரிசைகளுக்கு மட்டும் ஒரு மீட்பு இழை முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. நேரம் தவறாத முன்னுரிமை வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை: பொது இழை ஒரே டிரைவரின் முன்னுரிமையைச் சுமக்காது. அதற்காகவே 2009-இல் குறுக்கீட்டுக்கென்று தனி இழைகள் வந்தன. ஆனால் பெரும்பாலான டிரைவர்களுக்கு அந்த அவசரம் இல்லை; அவை சொந்த இழை கேட்டது பழைய கெவென்ட்டியில் பட்ட பாட்டால். 2024-இல் வந்த 6.9 பதிப்பிலோ, தூங்கவே அனுமதி இல்லாத டாஸ்க்லெட் வேலைகளையும் வொர்க்கியூ வழியே ஓட்ட இடம் கிடைத்தது.