மீன்தொட்டிப் புழு உணவு

மீன்தொட்டிப் புழு உணவு என்பது தொட்டிகளில் வளர்க்கப்படும் வண்ண மீன்களுக்கு உயிருடனோ, உறைய வைத்தோ, உறையுலர்த்தியோ அளிக்கப்படும் சிறு புழுக்களைக் குறிக்கும். இவற்றுள் டியூபிஃபெக்ஸ் புழுவும் இரத்தப்புழுவும் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஃபைட்டர், ஏஞ்சல், பொன்மீன் முதலியன இவற்றை விரும்பி உண்கின்றன. மூன்று வடிவங்களுள் எது பாதுகாப்பானது என்பதே பொதுவாக எழும் கேள்வியாகும். புழு எந்தச் சேற்றில் வளர்ந்தது என்பதும் அதே அளவு முக்கியமானது. தோல் பதனிடும் தொழிலால் நீரும் மண்ணும் மாசுற்ற திண்டுக்கல் போன்ற நகரங்களில் இது கூடுதல் கவனத்திற்குரியது.

புழுக்கள்

டியூபிஃபெக்ஸ், மண்புழுவுக்கு உறவான, நூல் போன்ற செந்நிற வளையப்புழு ஆகும். இது தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலை நீரில் அசைத்தபடி வாழும். குருதியில் ஈமோகுளோபின் இருப்பதால் ஆக்சிசன் மிகக் குறைந்த சாக்கடை நீரிலும் பெருங்கூட்டமாகப் பெருகும். சேற்றை விழுங்கி, அதிலுள்ள பாக்டீரியாக்களையும் மட்கிய பொருள்களையும் செரித்துக்கொள்ளும். இந்தியாவில் கொல்கத்தாவின் கழிவுநீர்க் கால்வாய்கள் இப்புழு சேகரிக்கப்படும் இடங்களுள் அறியப்பட்டவை.

இரத்தப்புழு உண்மையில் புழு அன்று. கைரோனோமிட் எனப்படும், கொசுவை ஒத்த, ஆனால் கடிக்காத பூச்சியின் குடம்பியே அது. இதன் சிவப்பு நிறத்திற்கும் ஈமோகுளோபினே காரணம்.

உயிருள்ள புழு

உயிருள்ள புழு அசைவதால் மீன்களின் வேட்டை இயல்பைத் தூண்டுகிறது. வேறு உணவை ஏற்காத மீன்களுக்கும், இனப்பெருக்கத்திற்குத் தயார் செய்யப்படும் மீன்களுக்கும் இது பயன் தரும். மூன்று வடிவங்களுள் நோய் பரப்பும் வாய்ப்பு மிகுந்ததும் இதுவே. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் பாக்டீரியா மீன்களில் காசநோய் போன்ற நோயை உண்டாக்குகிறது. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் உணவின் வழியாக இது கில்லி மீன்களுக்குப் பரவியதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதே பாக்டீரியா, தொட்டியைக் கழுவுவோரின் கையிலுள்ள காயத்தின் வழியே நுழைந்து, ஆறுவதற்குப் பல மாதங்கள் எடுக்கும் தோல் கட்டிகளை உண்டாக்கக்கூடும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் புழுவைத் தொடாதிருப்பது நல்லது.

டியூபிஃபெக்ஸ் குறித்து நூல்களில் அச்சுறுத்தலாகக் கூறப்படும் சுழல் நோய் டிரவுட், சால்மன் குடும்ப மீன்களையே தாக்குகிறது. வெப்பமண்டல வண்ண மீன் வளர்ப்போர் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

சமவெளி ஊர்களின் கோடையில் மற்றொரு சிக்கலும் உண்டு. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் இது 7.5 அளவுக்குக் குறைகிறது. மீன்கள் உண்ணாது விட்ட புழுக்கள் இறந்து அழுகும்போது எஞ்சிய ஆக்சிசனும் செலவாகி, அம்மோனியா கூடுகிறது. புழு உணவு இட்ட மறுநாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நிற்பதற்கு நோயைவிட இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

உறைந்த புழு

உறைய வைத்தல் புழுவையும் அதனுள் வாழும் பெரும்பாலான பல்லுயிரணு ஒட்டுண்ணிகளையும் கொல்கிறது. பாக்டீரியாக்கள் பல உறைநிலையில் பெருகாமல் இருக்குமேயன்றி முழுதும் அழிவதில்லை. சில நிறுவனங்கள் காமாக் கதிர் பாய்ச்சி அவற்றைக் குறைக்கின்றன. மின்தடையின்போது உருகி, பின்னர் மீண்டும் உறைந்த கட்டிகள் ஐயத்திற்குரியவை. கட்டியின் வடிவம் குலைந்து, உறையின் அடியில் சிவப்பு நீர் உறைந்து நின்றால் அது ஒருமுறை உருகியது என்று கொள்ளலாம்.

உறையுலர்த்திய புழு

உறையுலர்த்தலில், உறைந்த பொருள் வெற்றிடத்தில் வைக்கப்பட்டு, பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாக்கப்படுகிறது. ஈரமின்மையால் புழு கெடாது. எடுத்துச் செல்லவும் எளிது. இதனால் இது கிருமியற்றது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது சரியன்று. ஆய்வகங்களில் பாக்டீரியாக்களை உயிருடன் பல ஆண்டுகள் காப்பதற்குப் பயன்படும் முறைகளுள் ஒன்று இதே உறையுலர்த்தல்தான். பி.சி.ஜி. தடுப்பு மருந்து, மேற்கூறிய மைக்கோபாக்டீரியப் பேரினத்தைச் சேர்ந்த ஓர் உயிருள்ள பாக்டீரியாவை உறையுலர்த்திப் பெறப்படுவது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உறையுலர்த்திய இரத்தப்புழுவின் தூள் மனிதருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. கைரோனோமிட் ஈமோகுளோபினே இதற்குக் காரணமான புரதமாகும். கண் அரிப்பு, தும்மல், தோல் தடிப்பு ஆகியவை தோன்றும். சிலருக்கு ஆஸ்துமாவும் வரும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தூளைச் சிறிது நீரில் ஊற வைத்து இடுவது, காற்றில் பறப்பதைக் குறைக்கும்.

கன உலோகங்களும் திண்டுக்கல்லும்

குரோமியம், காட்மியம், ஈயம் முதலிய உலோகங்கள் உறைபனியாலோ உலர்த்தலாலோ அழிவதில்லை. நீர் நீங்குவதால், ஒரு கிராம் உலர்ந்த புழுவில் உலோகத்தின் அளவு, ஒரு கிராம் ஈரப்புழுவில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

திண்டுக்கல் நகரைச் சுற்றி நெடுங்காலமாகத் தோல் பதனிடும் ஆலைகள் இயங்கி வந்துள்ளன. இத்தொழிலில் குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. ஆலைக் கழிவுகளால் நிலத்தடி நீரும் விளைநிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. நீர் தெளிந்த பின்னரும் உலோகம் அடிச்சேற்றில் தங்கிவிடும். சேற்றையே உணவாகக் கொள்ளும் புழு அதை உடலில் சேர்க்கிறது. ஆகவே இப்பகுதியின் வடிகால், குளத்தோரச் சேறு ஆகியவற்றிலிருந்து தாமே புழு அள்ளி மீனுக்கு இடுவது ஏற்கத்தக்கதன்று.

டியூபிஃபெக்சை ஓரிரு நாள் ஓடும் நீரில் வைத்தால் குடலிலுள்ள சேறு வெளியேறும். இது பயனுள்ள முறையே. எனினும் திசுக்களில் படிந்த உலோகத்தை இது நீக்காது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலில் கழுவுவதும் புழுவின் வெளிப்புறத்தையே தூய்மை செய்யும்.

மாற்று உணவுகள்

ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் நுண்ணிறாலின் முட்டைகளை வீட்டிலேயே பொரிக்க வைக்கலாம். தூத்துக்குடி உப்பளங்களில் இவ்வுயிரி காணப்படுகிறது. சாக்கடைத் தொடர்பு இல்லாததால் மீன் குஞ்சுகளுக்கு இது சிறந்தது. கொசுக் குடம்பிகளை மீன்கள் ஆவலுடன் உண்டாலும், டெங்கு பரப்பும் ஏடிசு கொசு வீட்டுத் தொட்டி நீரிலேயே முட்டையிடும் என்பதால் அவற்றை வளர்ப்பது அண்டை வீட்டாருக்கும் தீங்காகும்.

மண்புழுவை நறுக்கி இடும் வழக்கமும் உண்டு. தோட்ட மண்ணின் சாதாரண மண்புழு இதற்கு ஏற்றது. உரக்குழிகளில் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்னும் இனம் தொல்லைப்படும்போது கசப்பான, நாற்றமுள்ள நீர்மத்தை வெளியிடுவதால் மீன்கள் பலவும் அதைக் கவ்வியவுடன் துப்பிவிடுகின்றன. வெந்நீரில் சற்று அமிழ்த்தி எடுத்தால் ஓரளவு ஏற்கின்றன.