ஏழு கையெழுத்தும் ஒரு கணக்குக் கொப்பியும்



ஹம் ஊன்ட்ரொப் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு ஒரு தரமாவது வராத தமிழ்க் குடும்பம் யேர்மனியில் குறைவு. 1989இல் இந்த நகரத்து நிலவறை ஒன்றில் தொடங்கிய வழிபாடு, 2002 யூலை 7இல் பெரிய கோயிலாகிக் கும்பாபிஷேகம் கண்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 17 மீற்றர் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதற்கு அடியில் இருக்கும் காகிதத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அந்தக் கோயில் நிர்வாகமும் பதிவுபெற்ற சங்கமாகவே எழுந்தது. நம் ஊர்ச்சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் பலவும் அப்படித்தான்.

இந்தச் சங்கச் சட்டம் 1900 யனவரி 1இல் நடைமுறைக்கு வந்த யேர்மன் குடியியல் சட்டக்கோவையில் இருக்கிறது. பதிவதற்கு ஏழு பேர் வேண்டும். எழுதப்பட்ட யாப்பு வேண்டும். நிர்வாகசபை உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அரசியல், சமயச் சங்கங்களின் பதிவை அதிகாரிகள் ஆட்சேபிக்கலாம் என்றும் இருந்தது. அந்த அதிகாரத்தை 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு நீக்கியது. மேலிருந்து மிரட்டும் கண் போய், உள்ளிருந்து கேட்கும் உறுப்பினர் மிஞ்சினார். யாப்பில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் காரணம் காட்டி எழுதிக் கேட்டாலே பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். தலைவர் விரும்பாவிட்டாலும்தான்! நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தொண்ணூறுகளில் நாங்கள் ஊர்ச்சங்கம் பதியப் போனபோது ஆறு பேர்தான் சேர்ந்தோம். ஏழாவது ஆளை அகதி விடுதியில் பிடித்தோம். "அண்ணை, எதுக்குக் கையெழுத்து?" என்று கேட்டார். "சும்மா போடு தம்பி" என்றோம். அதுதான் எங்கள் முதற் பிழை.

இரண்டாவது பிழை என்னுடையது. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு நானே பொருளாளர். சனம் அழுதழுது காசு தந்தது. பாதிக்குத்தான் பற்றுச்சீட்டு எழுதினேன். காசு கைக்குக் கைமாறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டும் இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா எழும்பினா. "தம்பி, என்ர அம்பது யூரோ எங்க போனது?" நான் களவெடுக்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவ கேட்டது அதை அல்ல. அந்த ஆண்டு உறுப்பினரில் பாதிப் பேர் விலகினார்கள்.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. யேர்மன் யுனிசெப், நன்கொடை திரட்டியவர்களுக்குக் கொடுத்த தரகுக் காசைச் சரியாக வெளியிடவில்லை என்று 2008இல் தன் நன்கொடை முத்திரையை இழந்தது. தலைவியும் பதவி விலகினார். பெர்லினில் உள்ள டி.இசட்.ஐ. நிறுவனம் 1992இலிருந்து வழங்கிவரும் முத்திரை அது.

வரிப் பக்கமும் சொல்ல வேண்டும். பொதுநலச் சங்கம் என்ற தகுதி பெற்றால் நன்கொடைச் சான்றிதழ் கொடுக்கலாம். அதற்கு வரவும் செலவும் ஒழுங்காகப் பதிவில் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டு பொய்ச் சான்றிதழ் எழுதினால் அந்தத் தொகையில் 30 வீதம் எழுதியவரின் தலையில் விழலாம். "எங்கட ஆள்தானே" என்ற பேச்சு பினான்ஸ்அம்ற்றில் எடுபடாது.

அந்த அம்மாவிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தா, சங்கத்துக்குத் திரும்பி வரவில்லை.

இப்போது நான் கணக்காய்வாளர். போன முறை 14 யூரோவுக்குச் சீட்டு இல்லை. பொருளாளர் பிள்ளைக்கு இங்கே பிறந்த வயது. முகத்தைச் சுளித்துக்கொண்டு போய் காரில் தேடி எடுத்து வந்தா. பொங்கல் விழாவுக்குக் கடதாசிக் கோப்பை வாங்கிய சீட்டு. கொப்பியில் ஒட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.