கூப்பர்ஸ்டவுனின் தலபுராணம்

1839இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர் பேஸ்பால் ஆட்டத்தை உருவாக்கினார் என்று அமெரிக்கா நெடுநாள் நம்பியது. அந்தக் கதையில் ஊரும் ஆளும் மட்டுமே நிஜம். இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்ததுதான் பேஸ்பால் என்று எழுதிவந்தார், அங்கே பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளரான ஹென்றி சாட்விக். விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் கொழித்த ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. அவர் முயற்சியால் 1905இல் ஏ.ஜி. மில்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. டபுள்டேயின் பெயரை அதன்முன் கொண்டுவந்தது, டென்வரில் வாழ்ந்த ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவரின் கடிதம். அவர் சொன்ன 1839இல் அவருக்கு வயது ஐந்து. டபுள்டேயோ வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பிற்காலத்தில் கெட்டிஸ்பர்க் போரில் படை நடத்திய அந்தத் தளபதி, 1893இல் இறக்கும்வரை பேஸ்பாலுக்கு உரிமை கொண்டாடியதே இல்லை. ஆயினும் அவருடைய நண்பரான மில்ஸ் 1907 இறுதியில் அவர் பெயருக்கே தீர்ப்பெழுதினார்.

இந்தத் தலபுராணத்தின்மேல்தான் அமெரிக்க பேஸ்பாலின் புகழ் மண்டபமும் அருங்காட்சியகமும் எழுந்தன. அருகிலுள்ள ஃப்ளை கிரீக் கிராமத்துப் பரணில் கிடைத்த ஒரு கிழிந்த பந்தை, சிங்கர் தையல் இயந்திரச் செல்வத்தின் வாரிசான ஸ்டீபன் கிளார்க் 5 டாலருக்கு வாங்கினார். அது 'டபுள்டே பந்து' ஆயிற்று. பொருளாதார மந்தத்தில் வாடிய ஊருக்கு ஆள் வரவேண்டும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது, அதில் தவறுமில்லை. 1936இல் டை காப், பேப் ரூத் உள்ளிட்ட ஐவர் முதன்முதலாகத் தேர்வாயினர். 1939 ஜூன் 12 அன்று, நூற்றாண்டு விழாவாகக் கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நியூயார்க் பொது நூலகத்தின் ராபர்ட் ஹென்டர்சன் அந்தக் கதையை ஆதாரத்தோடு மறுத்தார்.

பொய்யில் பிறந்த அருங்காட்சியகத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பது இயல்பு. அங்கே நடப்பது இரண்டு வேலைகள் என்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். வெண்கலப் பலகைகள் வரிசையாக நிற்கும் கூடம் கொண்டாடுகிறது; நூலகமும் காட்சிக்கூடங்களும் பாதுகாக்கின்றன. பாதுகாப்பவை கொண்டாட்டத்துக்கு எதிரான சாட்சியங்களையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. சூதாட்டத்துக்காக 1989இல் தடை செய்யப்பட்ட பீட் ரோஸுக்குப் பலகை கிடையாது, ஆனால் அவர் ஆட்டத்தின் பொருள்கள் காட்சியில் உண்டு. ஊக்கமருந்துச் சந்தேகத்தில் சிக்கிய பாரி பாண்ட்ஸ் தமது 756ஆம் ஹோம் ரன்னாக அடித்த பந்தை, வாங்கியவர் அதன்மேல் சந்தேகத்தின் அடையாளமான நட்சத்திரக் குறி பொறித்தே 2008இல் கொடுத்தார், அருங்காட்சியகமும் ஏற்றுக்கொண்டது. டபுள்டே பந்தையும் அவர்கள் ஒளித்துவிடவில்லை. அது இப்போது ஒரு நம்பிக்கை எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கான சான்று.

அப்படியானால் உண்மையான பிறப்பிடத்துக்கே போய்விடலாமே என்பது அடுத்த கேள்வி. பலர் கை காட்டுவது 1846இல் நிக்கர்பாக்கர் சங்கம் ஆடிய ஹோபோகனை. ஆனால் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் 1791லேயே இந்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லி ஊர்த் தடை இருந்தது. அதற்கும் முன்னால் 1744இல் இங்கிலாந்துச் சிறுவர் நூலொன்றில் அந்தப் பெயர் வந்துவிட்டது. மெல்ல மெல்ல உருவான ஆட்டத்துக்குப் பிறந்த ஊரைத் தேடுவது, ஒரு புராணத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதில்தான் முடியும். நிக்கர்பாக்கர் சங்கத்து அலெக்சாண்டர் கார்ட்ரைட்டின் விஷயத்தில் அதுவே நடந்தது. 1938இல் தேர்வான அவருடைய பலகை, பேஸ்களுக்கிடையே 90 அடி இடைவெளி, ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது ஆட்டக்காரர் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதுகிறது. இவை பெரும்பாலும் 1857இல் சங்கங்கள் கூடிய மாநாட்டில் முடிவானவை.

பிறப்பிடப் பொய்யைவிடக் கனமானது மௌனம். வெள்ளையர் லீக்குகள் சேர்க்க மறுத்த கறுப்பின ஆட்டக்காரர்களுக்காக 1966இல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தபோது ஆற்றிய ஏற்புரையிலேயே குரல் கொடுத்தார் டெட் வில்லியம்ஸ். 1971இல் அவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவதாக அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியபின்தான் சாட்சல் பேஜ் மற்றவர்களோடு சமமாக இடம்பெற்றார். 2006இல் மேலும் 17 பேர் ஒரே நேரத்தில் சேர்ந்தனர். அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காத பக் ஓநீல்தான் அவர்கள் சார்பில் மேடையில் பேசினார். அவருக்கான இடம் 2022இல் வந்தது; அப்போது அவர் இறந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பழைய பலகைகளைத் திருத்துவது வரலாற்றை அழிப்பதாகும் என்போர் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது; ஒரு பலகை, அதை எழுதிய காலத்துக்கும் ஆவணம்தான். ஆனால் பழையதைப் பக்கத்திலேயே காட்சிக்கு வைத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். 1962இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனுக்கு எழுதிய பலகை நிறத்தடையை அவர் உடைத்ததைச் சொல்லவே இல்லை. 2008இல் அதை மாற்றி எழுதினார்கள். வரலாறு எதுவும் அழிந்துவிடவில்லை. கார்ட்ரைட்டின் பலகைக்கும் அதே திருத்தம் வரவேண்டும்.